அலாய் வீல் போட்டதற்கும் ஏசி கெட்டதற்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு பெட்ரோல் ஹாட்ச்பேக். வாங்கி இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது, வாரண்டி மூன்று வருஷம். வாங்கிய கொஞ்ச நாளில் வெளியே ஒரு ஆக்சஸரீஸ் கடையில் 16 இன்ச் அலாய் வீல், எல்இடி ஹெட்லைட் பல்பு, ஃபாக் லேம்ப், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா எல்லாம் போட்டேன். போன மாதம் 30,000 கி.மீ. சர்வீஸுக்கு ஷோரூமில் விட்டபோது, ஏசி போட்டால் கடகடவென்று சத்தம் வருகிறது, கூலிங்கும் இல்லை என்று சொன்னேன். மதியம் போன் வந்தது. கம்ப்ரஸர் மாற்ற வேண்டும், 31,000 ரூபாய் ஆகும், "வண்டியை மாடிஃபை பண்ணியிருக்கீங்க, அதனால வாரண்டி வராது" என்றார்கள். சர்வீஸ் பில்லும் 14,600 ரூபாய். அதில் மாடிஃபிகேஷன் எலக்ட்ரிக்கல் செக்கப் என்று 1,800, நான்-ஸ்டாண்டர்டு வீல் என்று 900. இனி எந்தக் கோளாறுக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். நான் போடவில்லை. சர்வீஸ் பணத்தை மட்டும் கட்டி வண்டியை எடுத்து வந்துவிட்டேன். இப்படி வாங்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போகட்டுமா, இல்லை வெளி மெக்கானிக்கிடமே போய்விடட்டுமா? பில், எஸ்டிமேட், போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸருக்கு 31,000 கேட்டது, நீங்கள் அனுப்பிய தாள்களை வைத்துப் பார்த்தால், நிற்காது. வீலுக்கு 900 வாங்கியது தப்பு. 1,800 ரூபாயில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். பில்லில் நீங்கள் கவனிக்காத ஒரு 3,900 ரூபாய் இருக்கிறது. அதற்கும் மாடிஃபிகேஷனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் ஷோரூம் சர்வீஸ் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். சர்வீஸ் அட்வைசர் என்ன நினைத்துக்கொண்டு என்ன சொல்கிறார் என்பது ஓரளவு தெரியும். "மாடிஃபை பண்ணிட்டீங்க" என்பது அந்த கவுன்டரில் எதற்கும் செல்லுபடியாகும் பதில். அதற்கு நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நான் மாட்டிய எந்தப் பொருள், இந்தக் கோளாறை எப்படி உண்டாக்கியது? இதை வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுதிக் கேளுங்கள்.

வண்டியோடு வந்த வாரண்டி புக்லெட்டை எடுத்துப் பாருங்கள். எவையெல்லாம் வாரண்டியில் சேராது என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலான புக்லெட்டில், கம்பெனி அனுமதிக்காத மாற்றங்களால் அல்லது வெளிப் பொருட்களைப் பொருத்தியதால் உண்டான கோளாறுகள் சேராது என்கிற தோரணையில்தான் எழுதியிருப்பார்கள். அந்த "ஆல்" உருபுதான் உங்களுக்குப் பிடிமானம். மாற்றத்தால் வந்த கோளாறு வேறு, மாற்றம் செய்த வண்டியில் வந்த கோளாறு வேறு. சில கம்பெனிகள் இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம், அதனால் உங்கள் புக்லெட்டின் வரியை நீங்களே படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

கடுமையாக எழுதியிருந்தாலும் அது வேதவாக்கு இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில் விடாமல் வைத்திருந்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் ரத்து செய்யலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வழக்கு நீண்டது, அபராதக் கணக்கு மாறியது. அது ரிப்பேரைப் பற்றிய உத்தரவு, அலாய் வீலைப் பற்றியது இல்லை. ஆனாலும் காரணத்தைக் காட்டிவிட்டு வாரண்டியை மறு என்கிற அந்த அடிப்படையை உங்கள் கடிதத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள். மாடிஃபை செய்த வண்டிக்கு வாரண்டியை மறுக்கவே முடியாது, சட்டம் இருக்கிறது என்று யூடியூபில் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது மாக்னசன்-மாஸ் சட்டம், 1975-ல் அமெரிக்காவில் வந்தது. ஈரோட்டு சர்வீஸ் மேனேஜரிடம் அதைச் சொன்னால் சிரித்துவிட்டு டீ வாங்கித் தருவார், அவ்வளவுதான்.

சரி, இப்போது கம்ப்ரஸருக்கு வருவோம். எஸ்டிமேட்டில் "கம்ப்ரஸர் நாய்ஸ், ரீப்ளேஸ்" என்று இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "ஆஃப்டர்மார்க்கெட் எலக்ட்ரிக்கல்ஸ்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். கேஸ் பிரஷர் அளவு இல்லை, லீக் டெஸ்ட் செய்த விவரம் இல்லை, கம்ப்ரஸருக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த விவரமும் இல்லை. பார்க்காமலே மறுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படித்தால் தோன்றும்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரை ஏசி சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஏசியை நிறுத்தியதும் சத்தமும் நின்றால் கோளாறு கம்ப்ரஸரின் உள்ளே அல்லது அதன் கிளட்ச்சில், அதாவது ஏசி போட்டதும் அதை பெல்ட்டின் ஓட்டத்தோடு இணைக்கும் பாகத்தில். ஏசி நின்ற பிறகும் சத்தம் வந்துகொண்டே இருந்தால், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பேரிங். இன்ஜின் ஓடும் வரை புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஏசிக்காகக் காத்திருக்காது. பேரிங் என்றால் கம்ப்ரஸர் முழுவதையும் மாற்றாமலே சரிசெய்ய முடியுமா என்று கேட்கலாம். இரண்டில் எதுவானாலும் தேய்மானக் கோளாறு. ஸ்டீரியோவோ ஹெட்லைட் பல்போ பேரிங்கைத் தேய்க்காது. இந்தச் சத்தத்தை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள், ஓடோமீட்டரும் தெரியும்படி.

உங்களுக்கு எதிராக இரண்டு விஷயங்களை அவர்கள் சொல்ல முடியும். அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே பார்த்துவிடுவது நல்லது. முதலாவது, ஸ்டீரியோ. பல வண்டிகளில் ஸ்டீரியோவும் ஏசி கன்ட்ரோல் பேனலும் டேஷ்போர்டில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, ஒரே ஃபிரேமில் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியவர் சோம்பல்பட்டு ஏசி பேனல் வயரிலிருந்து லைன் எடுத்திருந்தால் அங்கே பிரச்சினை கிளம்பலாம். கம்ப்ரஸர் கிளட்ச்சை இயக்கும் மின்சுருளுக்கு (காயில்) வரும் வயர் இணைப்பைக் கழற்றி மீட்டர் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஏசி போட்டதும் பேட்டரி வோல்டேஜ் அப்படியே அங்கே வர வேண்டும். காயில் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் எலக்ட்ரிக்கல் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவதுதான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது: ஃபாக் லேம்ப். அதை மாட்டுவதற்கு முன் பம்பரைத் தளர்த்தியிருப்பார்கள். பம்பருக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் நிற்கிறது, வெள்ளரித் தோல் மாதிரி மெல்லிசான அலுமினியம். பிராக்கெட்டை அதன் மேல் சாய்த்து முடுக்கினாலோ, டிரில் பிட் ஒரு நூல் உள்ளே போனாலோ போதும், கேஸ் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலும் அந்தக் கேஸோடுதான் சுற்றுகிறது. கேஸ் போனால் ஆயிலும் குறையும், ஆயில் குறைந்தால் கம்ப்ரஸர் காய்ந்து கடகடக்கும். அப்படி ஒரு கீறல் கண்டென்ஸரில் இருந்தால், மன்னிக்கவும், ஷோரூம் சொன்னது சரி. உங்கள் போட்டோவில் பிராக்கெட் பம்பர் பீமில்தான் நிற்பதாகத் தெரிகிறது, ஆனால் கோணம் சரியில்லை. கிரில் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டென்ஸரில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிக் கறுத்த இடம் இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கீறல் எதுவும் இல்லை என்றால் தைரியமாகப் போகலாம்.

ஆனால் ஷோரூம் ஏன் இப்படி மறுக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், பேசும் விதம் அதனால் மாறும். வாரண்டியில் பார்ட் மாற்றினால் டீலர் முதலில் தன் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு கம்பெனியிடம் க்ளெய்ம் அனுப்புகிறார். கம்பெனி பின்னாளில் ஆடிட் செய்யும்போது, போட்டோவில் வெளி வயரிங் தெரிகிறதே, ஏன் கொடுத்தீர்கள் என்று அந்தத் தொகையை டீலர் கணக்கில் திரும்பப் பிடித்துவிடலாம். அதனால் அட்வைசருக்குச் சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. முடிவெடுக்க வேண்டியவர் கம்பெனியின் ஆள். கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் வழக்கமாக டீலர்களைச் சுற்றி வருவார், தேதி கொடுப்பார்கள். அவர் "கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் டீலருக்கும் பயம் போய்விடும்.

இதை மெயிலில் கேளுங்கள். டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில். பத்தி பத்தியாக வேண்டாம். இந்தத் தேதியில், இந்த ஜாப் கார்டு (வண்டியை விடும்போது ஷோரூம் போடும் வேலைப் பதிவுத் தாள்) எண்ணில், இத்தனை கி.மீ. ஓடிய நிலையில் ஏசி சத்தம் பற்றிப் புகார் கொடுத்தேன். மாடிஃபிகேஷன் என்று சொல்லி வாரண்டி மறுக்கப்பட்டது. எந்தப் பொருத்தம் எந்த விதத்தில் கம்ப்ரஸரைக் கெடுத்தது என்பதை டெஸ்ட் அளவுகளோடு எழுத்தில் தரவும். ஏரியா மேனேஜர் பார்வையிட நாள் குறிக்கவும். இவ்வளவு போதும். தமிழிலேயே எழுதலாம். இந்த மெயில் இன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் வாரண்டிக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. புகார் வாரண்டிக்குள் பதிவானதற்கு அது சாட்சி. சத்தம் புல்லியிலிருந்து வருவது என்றால் வண்டியை அதிகம் ஓட்டவும் வேண்டாம். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பேரிங் பிடித்துக்கொண்டு பெல்ட் அறுந்தால் பெருந்துறை பைபாஸில் ராத்திரி நிற்க வேண்டியிருக்கும்.

இனி அந்த 1,800 ரூபாய். நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஃபியூஸ் பாக்ஸ் போட்டோ. மூடியின் உட்புறப் படத்தில் பார்க்கிங் லைட்டுக்கு 10 என்று போட்டிருக்கிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பாக இருக்கும். உங்கள் வண்டியில் அந்த இடத்தில் இருப்பது மஞ்சள், அதாவது 20 ஆம்பியர். நாலாவது போட்டோவில் பார்க்கிங் லைட் வயரைச் சுரண்டி, ஃபாக் லேம்ப் வயரை அதோடு முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருக்கிறது. டேப்பின் ஓரத்தில் வயரின் தோல் பழுப்பேறி இருக்கிறது.

நடந்தது என்ன என்று எளிதாக ஊகிக்கலாம். நீங்கள் அனுப்பிய கடை பில்லில் ஃபாக் லேம்ப் 55 வாட் ஹாலஜன் ஜோடி என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல். சின்னச் சின்ன பல்புகளுக்காக விடப்பட்ட மெல்லிய வயரில் இவ்வளவும் ஏறினால் 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகும். ரிலே (அதிகக் கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டிய கடைக்காரர், ஃபியூஸைப் பெரிதாக்கிவிட்டு வேலையை முடித்துக்கொண்டார். ஃபியூஸ் இருப்பதே வயர் சூடாவதற்கு முன் தான் உருகுவதற்குத்தான். அதைப் பெரிதாக்கிவிட்டால் இனி உருகப்போவது வயர். சர்வேயராக நான் பார்க்கும் தீப்பிடித்த வண்டிகளில் பானட்டுக்குள் முதலில் தேடுவது இந்த மாதிரி டேப் சுற்றிய ஜாயின்டைத்தான்.

ஆகவே அந்த 1,800-க்கு அவர்கள் உண்மையிலேயே வயரிங்கைப் பார்த்திருந்தால், வாங்கியதில் தவறில்லை. கம்பெனி வயரிங் டயகிராமில் இல்லாத வயர்களைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகத்தான் செய்யும், அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. என் வருத்தம் வேறு: பார்த்தவர்கள் இந்த மஞ்சள் ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! பில்லில் வெறும் "செக்கப் டன்". என்ன பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று அறிக்கை கேளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் பார்க்கவில்லை என்று பொருள், அப்போது அந்த 1,800-ஐயும் திருப்பிக் கேட்கலாம். இது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் ஃபாக் லேம்ப் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய் ரிலே கிட் வைத்து, தனி ஃபியூஸோடு லைன் இழுத்து, பழைய வயரைச் சரிசெய்து, சிவப்பு ஃபியூஸைத் திரும்ப வையுங்கள். 31,000 பிரச்சினையை விட இது அவசரம்.

வீல் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அல்லது கடைக்காரர் அதில் மட்டும் விவரமானவர். கம்பெனி டயர் 165/80 ஆர்14. இப்போது இருப்பது 195/55 ஆர்16. கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., புதியது 620.9. ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் மாறாது, ஏபிஎஸ் குழம்பாது. 16 இன்ச் வீலை அலைன்மென்ட் மெஷினில் மாட்ட எந்தத் தனி வித்தையும் வேண்டாம். அலாய் வீலுக்கு பாலன்சிங்கில் ஒட்டுகிற வகை வெயிட் வைக்க வேண்டும், அதற்குச் சில்லறை கூடுதலாகலாம். ஆனால் அலைன்மென்ட், பாலன்சிங் என்று 1,400 ஏற்கெனவே வாங்கிவிட்டார்களே! அதற்கு மேல் 900 எதற்கு? பில்லில் உள்ள ஒவ்வொரு கூலிக்கும் கம்பெனி சிஸ்டத்தில் ஒரு ஆபரேஷன் கோடும் (வேலைக்கான குறியீட்டு எண்), எவ்வளவு நேர வேலை என்ற கணக்கும் இருக்கும். இந்த 900-க்கு உரிய கோடு என்ன என்று கேளுங்கள். மிசலேனியஸ் என்று பதில் வந்தால் அது அந்த கவுன்டரிலேயே பிறந்த சார்ஜ்.

அதே சமயம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய டயரின் பக்கச் சுவர் 132 மி.மீ. உயரம், இப்போது 107. பள்ளத்தில் விழும் அடி அந்த அளவுக்கு நேராக சஸ்பென்ஷனுக்குப் போகிறது. நாளைக்கு சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடோ லோயர் ஆர்ம் புஷ்ஷோ போய், அதற்கு வாரண்டி மறுத்தார்கள் என்றால் என்னிடம் எழுதாதீர்கள். அங்கே அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கும். வீல் ஃபெண்டரை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீல் பேரிங்குக்கும் அப்படியே.

அப்புறம் அந்த 3,900. ஏசி டிஸின்ஃபெக்ஷன் 1,300, த்ராட்டில் பாடி கிளீனிங் 1,100, அண்டர்பாடி கோட்டிங் 1,500. உங்கள் மெயின்டனன்ஸ் ஷெட்யூலில் 30,000 கி.மீ.க்கு இவை இருக்கின்றனவா என்று மேனுவலில் பாருங்கள், அநேகமாக இருக்காது. இதற்கெல்லாம் கூடுதல் சேவை என்று ஒரு கணக்கு உண்டு, அட்வைசருக்கு மாதா மாதம் டார்கெட்டும் உண்டு. கூலிங்கே வராத ஏசிக்கு டிஸின்ஃபெக்ஷன் செய்து பணம் வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நீங்கள் மாடிஃபிகேஷன் என்ற வார்த்தையில் கோபமாக இருந்த நேரத்தில், அதைவிடப் பெரிய தொகை சத்தமில்லாமல் போய்விட்டது. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போதே "ஷெட்யூலில் உள்ளது மட்டும், மற்றவை போனில் கேட்டு" என்று உங்கள் கையால் எழுதுங்கள். வரி விகிதத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. உங்கள் பில்லில் சரியாகத்தான் இருக்கிறது.

கையெழுத்துப் போடாமல் வந்தது நல்ல காரியம். ஃபாக் லேம்ப் வயரிங்கால் வரும் கோளாறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று குறிப்பாக எழுதிக் கொடுத்தால் போடுங்கள், அது நியாயம். எந்தக் கோளாறுக்கும் என்று மொத்தமாக எழுதினால் போடாதீர்கள். பணம் கட்டாமல் வண்டியை எடுக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்காரருக்கு உரிமை கொடுக்கிறது. அங்கே கத்திக்கொண்டு நிற்பதை விட, பில் நகலில் "இந்தத் தொகைகளை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பணம் கட்டிவிட்டு வருவது புத்திசாலித்தனம். நீங்கள் எழுதவில்லை, பரவாயில்லை. கையெழுத்துப் போட மறுத்ததையும் இந்த ஆட்சேபங்களையும் மெயிலில் சேர்த்துவிடுங்கள்.

மெயிலுக்கு இரண்டு வாரத்தில் உருப்படியான பதில் வரவில்லை என்றால் 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பல கார் கம்பெனிகள் அங்கிருந்து போகும் புகார்களுக்குப் பதில் சொல்கின்றன, பாதி விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கே ஜெயிப்பது தாள்கள்தான்: ஜாப் கார்டு, எஸ்டிமேட், மெயில், ஒரு சுதந்திரமான ஆட்டோமொபைல் இன்ஜினியரின் அறிக்கை. 31,000 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். என் அனுபவத்தில் ஏரியா மேனேஜர் வந்து பார்த்தாலே பாதி செலவு, முழு செலவு என்று ஏதாவது ஒரு பேச்சு வந்துவிடும். முழுப் பணமும் கம்பெனி ஏற்க வேண்டும் என்று நில்லுங்கள். கண்டென்ஸர் சுத்தமாக இருந்தால் பாதிக்கு ஒத்துக்கொள்ளக் காரணமே இல்லை.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மாட்டியிருந்தது ஏற்கெனவே ஜாப் கார்டில் பதிவாகிவிட்டது. இப்போது கழற்றினால் மறைக்கிறீர்கள் என்று ஆகிவிடும். வெட்டி ஒட்டிய வயரின் தழும்பும் எங்கும் போகாது. ஃபாக் லேம்ப் வயரிங்கை மட்டும் சரிசெய்து, அந்த எலக்ட்ரீஷியன் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். எல்இடி பல்பை எடுத்துவிட்டுப் பழைய ஹாலஜனைப் போடச் சொல்வேன், ஆனால் ஷோரூமுக்காக இல்லை. ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்குகிறது. பவானி ரோட்டில் ராத்திரி எதிரே வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. விதிகளுக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டீரியோவும் கேமராவும் இந்த வம்புக்குள் வருவதில்லை. இன்ஜின், எரிபொருள், பாடி, நிறம் என்று போனால் ஆர்டிஓவைத் தாண்டிப் போக முடியாது. நண்பர் யாராவது முன்னால் பெரிய இரும்பு பம்பர் போடச் சொன்னால் கேட்காதீர்கள், 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்சூரன்ஸில் இவற்றையெல்லாம் சொல்லியிருக்கிறீர்களா? பாலிசி நகலில் எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ் இடத்தில் பூஜ்யம் என்று இருக்கிறது. அப்படியானால் ஸ்டீரியோவும் கேமராவும் திருடு போனாலோ விபத்தில் நொறுங்கினாலோ அவற்றுக்கு ஒரு பைசா வராது. ஸ்டீரியோ மாதிரியான எலக்ட்ரிக்கல் பொருட்களைச் சேர்க்க, பழைய டேரிஃப் (இன்சூரன்ஸ் கட்டண அட்டவணை) கணக்கில் மதிப்பில் 4 சதவீதம். 25,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு வருஷம் 1,000 ரூபாய். அலாய் வீலை எலக்ட்ரிக்கல் அல்லாதவற்றில் காட்டலாம். அடுத்த ரினியூவல் வரை காத்திருக்காமல் இப்போதே என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) கேளுங்கள்.

வெளி மெக்கானிக் பற்றிய கேள்விக்கு: அடுத்த எட்டு மாதம் ஷோரூமையே விடாதீர்கள், அவர்கள் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும். வாரண்டி காலத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியில் ஓட்டை விழுந்தால் இந்த வழக்கிலேயே அதை உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். அதே கம்பெனிக்கு ஈரோட்டிலோ, பக்கத்தில் திருப்பூரிலோ கோபியிலோ வேறு டீலர் இருந்தால் அங்கே போகலாம். வாரண்டி கம்பெனி கொடுப்பது, வாங்கிய டீலரிடம் மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. மூன்று வருஷம் முடிந்த பிறகு ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நம்பிக்கையான வெளி ஒர்க்‌ஷாப்பில் தாராளமாகச் செய்யுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியவற்றுக்கு மட்டும் ஷோரூம். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், ஏரியா மேனேஜரின் முடிவு கையில் வந்த பிறகு, மாட்டியிருக்கும் பொருட்களை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.